சாயம் சொல்லும் சேதி

சிறுநீரகப் புற்றுநோயாளியின் நாளையை ஒரு பழுப்பு நிறம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா? அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் பின்னலாடைத் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்வி எது?

திருப்பூரில் ஒரு டையிங் மாஸ்டருக்கு நிறத்தைப் பற்றிப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. லேப் டிப் துணியை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, அவர் 'ஓகே' சொன்னால்தான் லாட் நகரும். அரை ஷேடு பிசகினாலும் பையர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பனியனும் டி-ஷர்ட்டும் ஏற்றுமதி செய்யும் ஊரின் மானம் இந்தக் கண்களில்தான் இருக்கிறது.

நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இன்னொரு தொழில் பேத்தாலஜி. அறுவை சிகிச்சையில் எடுத்த சிறுநீரகத்தின் சிறு துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிய சீவல்களாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவார்கள். அதன்மீது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, பிறகு நிறமேற்றுவார்கள். அந்தப் புரதம் இருக்கும் இடமெல்லாம் பழுப்பாகும். மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கும் மருத்துவர் எண்ணுகிறார்: எத்தனை செல்களின் ஓரம் பழுப்பு? எவ்வளவு அழுத்தம்? அவர் தேடும் புரதத்தின் பெயர் பிடி-எல்1. நோய் எதிர்ப்புப் படையை 'அடங்கு' என்று நிறுத்திவைக்கும் செக்பாயின்ட் புரதங்களில் அதிகம் பேசப்படுவது இதுதான்.

இந்தப் பழுப்பு சிறுநீரகப் புற்றுநோயில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சேதி சொல்லிவருகிறது. சேதி உண்மை. ஆனால் அதைக் கேட்டு நாம் என்ன செய்ய முடியும் என்பதில்தான் குழப்பம்.

சாயத்தண்ணீரா காரணம்?

முதலில் ஊர்ப்பேச்சைத் தீர்த்துக்கொள்வோம். திருப்பூரில் யாருக்குச் சிறுநீரகத்தில் எது வந்தாலும், 'சாயத்தண்ணி குடிச்ச ஊராச்சே' என்பதுதான் முதல் வார்த்தை. அதற்கு வரலாறு உண்டு. நொய்யலில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்களைப் பாழாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாட்டுக்கு ஊர் மாறியது அதன் பிறகே.

ஆனால் சாயத் தொழிலோடு உறுதியாகப் பிணைக்கப்பட்ட புற்றுநோய் சிறுநீர்ப்பையினுடையது. 1895-ல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு எழுதினார். பின்னாளில் பென்சிடின் முதலிய ரசாயனங்கள் குற்றவாளிகளாக நிரூபிக்கப்பட்டு, அவற்றைக் கக்கும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-லும் இந்தியா 1997-லும் தடை செய்தன. சிறுநீரகம் வேறு உறுப்பு, அதன் புற்றுநோய்க்குக் காரணங்களும் வேறு. புகை, உடல் பருமன், உயர் ரத்த அழுத்தம் என்ற மூன்றும் முதல் வரிசையில் நிற்கின்றன. இரவு ஷிஃப்டில் டீயும் பீடியுமாக ஓட்டி, பிரஷர் பார்க்காமலே நாற்பதைத் தாண்டும் கட்டிங் மாஸ்டருக்கு இவை மூன்றும் அந்நியமல்ல.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. பனியன் கம்பெனிக்காரர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டியது: ட்ரைக்ளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். எண்ணெய்ப் பிசுக்கையும் கறையையும் கரைக்க உலகமெங்கும் பயன்பட்ட திரவம் இது. மனிதருக்குச் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை முதல் பட்டியலில் வைத்தது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஆர்வ் பள்ளத்தாக்கு என்று ஒரு பிரெஞ்சு வட்டாரம். திருப்பூர் போலவே சின்னச் சின்னப் பட்டறைகள். தொழில் மட்டும் திருகாணி கடைவது. உலோகத்தில் எண்ணெய் போக்க அங்கே இந்தக் கரைப்பான்தான். 2006-ல் வெளியான ஆய்வு, அதை அதிகம் சுவாசித்தவர்களிடம் சிறுநீரகப் புற்றுநோய் சுமார் இரு மடங்கு இருந்ததைக் காட்டியது. அமெரிக்கா 2024 டிசம்பரில் தடை அறிவித்தது. செக்கிங் டேபிளில் எண்ணெய்க் கறை பட்ட பீஸின்மீது ஸ்ப்ரே கன் வைத்து அடிக்கிறார்களே, அந்த கேனின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. லேபிளே இல்லாத கேன் என்றால் அதை வாங்காமல் இருப்பது இன்னும் நல்லது.

வெற்றாகத் தெரியும் செல்கள்

2022-ல் உலகில் சுமார் 4.3 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தது, சுமார் 1.5 லட்சம் பேர் இறந்தார்கள். சிறுநீரில் ரத்தம், விலாவில் வலி, வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் கட்டி என்று பாடப்புத்தகம் மூன்று அடையாளம் சொல்லும். மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். இன்று பல பேருக்கு இது தற்செயலாகத்தான் அகப்படுகிறது. பித்தப்பைக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் சிறுநீரகத்தில் ஒரு நிழல் தெரியும்.

நூற்றில் எழுபதுக்கு மேல் 'கிளியர் செல்' வகை. வெட்டிப் பார்த்தால் கட்டி பொன்மஞ்சளாக இருக்கும், அத்தனை கொழுப்பு. தகடு தயாரிக்கும்போது அந்தக் கொழுப்பும் சர்க்கரைச் சேமிப்பும் கரைந்துபோவதால், மைக்ராஸ்கோப்பில் செல்கள் உள்ளே ஒன்றுமில்லாதவை போல வெளுத்துத் தெரிகின்றன. பெயர் அங்கிருந்து வந்தது. ரிப்போர்ட்டில் 'கிரேடு 2', 'கிரேடு 3' என்று போடுவார்கள். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் ஒரு புள்ளி 400 மடங்கு பெரிதாக்கினால்தான் பளிச்சென்று தெரியும் என்றால் 2. 100 மடங்கிலேயே கண்ணில் குத்தினால் 3. நோயாளியின் கையில் வரும் அந்த ஒற்றை எண்ணுக்குப் பின்னால் இவ்வளவுதான் ரகசியம்.

இந்தப் புற்றுநோய் வழக்கமான கீமோதெரபிக்கு மசியாது. நோய் எதிர்ப்பு சக்திக்கு மட்டும் சில சமயம் மசியும். சிறுநீரகத்தை எடுத்த பிறகு நுரையீரலுக்குப் பரவியிருந்த கட்டிகள் தாமாகவே சுருங்கிய அபூர்வ நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. எதிர்ப்பு அணுக்களை உசுப்பிவிடும் இன்டர்லூகின்-2 மருந்துக்கு அமெரிக்கா 1992-லேயே இந்த நோய்க்கு அனுமதி தந்தது. மருந்து கடுமையானது. நூற்றில் ஒரு சிலருக்கு மட்டும் நோய் முழுசாக மறைந்தது. மற்றவர்களிடம் எதிர்ப்புப் படை ஏன் வாளாவிருக்கிறது என்ற கேள்வி எஞ்சியது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. அதே 1992-ல் ஜப்பானின் கியோட்டோவில் தசுகு ஹோஞ்சோவின் குழு, செல்கள் எப்படிச் சாகின்றன என்று தேடப்போய் பிடி-1 என்ற புரதத்தைக் கண்டது. அது டி செல்களின் மேல் இருக்கும். டி செல்கள் நம் உடலின் வேட்டைக்காரர்கள். வேலை முடிந்தும் அடங்காவிட்டால் நம் உறுப்புகளையே தின்றுவிடும். பிடி-1 இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு அப்படித்தான் நடந்தது. பிடி-1 மீது வந்து ஒட்டி டி செல்லை அடக்கும் துணைப் புரதமே பிடி-எல்1. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லீபிங் சென் 1999-ல் அதை வேறு பெயரில் முதலில் விவரித்தார். நம் திசுக்கள் தற்காப்புக்கு வைத்திருக்கும் இந்தக் குறியைப் புற்றுநோய் செல் திருடி அணிந்துகொள்கிறது. வேட்டைக்காரன் பக்கத்தில் வந்தும் கை ஓங்காமல் நிற்கிறான். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு செக்பாயின்டை அடைத்தால் எலிகளின் கட்டி கரைகிறது என்று 1996-ல் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனும் ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள்.

42, 83

இந்தக் குறி சிறுநீரகக் கட்டியில் இருந்தால் என்ன ஆகும்? மேயோ கிளினிக்கின் ஹூஸ்டன் தாம்ப்சன், யூஜின் குவான் முதலியோர் 2004-ல் 196 நோயாளிகளின் திசுக்களைச் சோதித்து வெளியிட்டார்கள். கட்டியிலும் அதற்குள் நுழைந்த எதிர்ப்பு அணுக்களிலும் பிடி-எல்1 அதிகம் இருந்தவர்கள் அந்த நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களை விட சுமார் நான்கரை மடங்கு. இரண்டு ஆண்டுகள் கழித்து 306 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். நால்வரில் ஒருவருக்குக் கட்டி செல்களில் அந்தப் புரதம் இருந்தது. ஐந்து ஆண்டுகளில் புற்றுநோய்க்குத் தப்பியவர்கள், புரதம் இருந்தவர்களில் நூற்றுக்கு 42; இல்லாதவர்களில் 83.

அதோடு ஒரு முரண். பெருங்குடல் முதலிய பல புற்றுநோய்களில் கட்டிக்குள் டி செல்கள் அதிகம் நுழைந்திருந்தால் நோயாளிக்கு நல்லது. சிறுநீரகத்தில் தலைகீழ்: அதிகம் இருந்தால் பெரும்பாலும் கெடுதி. பாரிஸில் வோல்ஃப் ஃப்ரிட்மன் குழுவினர் இதைத் துருவிப் பார்த்தபோது, அந்த டி செல்களின் மேல் பிடி-1-உம் லாக்-3 என்ற இன்னொரு செக்பாயின்டும் ஏராளமாக இருந்தன. படை வந்திருக்கிறது, ஆனால் களைத்து உட்கார்ந்திருக்கிறது. லாக்-3, டிம்-3, டிஜிட் என்று செக்பாயின்ட் பட்டியல் நீள்வது இந்தக் களைப்பை அளக்கத்தான்.

இவ்வளவையும் கேட்டவர்கள் இயல்பாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பிடி-எல்1 இருப்பவருக்கு அதை அடைக்கும் மருந்து வேலை செய்யும், இல்லாதவருக்குச் செய்யாது, ஆகவே பரிசோதனை செய்து பிரித்துவிடலாம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. சிறுநீரகப் புற்றுநோயில் அது பலிக்கவில்லை.

2015-ல் வந்த பெரிய ஆய்வு. நியூயார்க்கின் ராபர்ட் மோட்சரும், கயானாவில் பிறந்த இந்திய வம்சாவளி மருத்துவர் பத்மனி சர்மாவும் முன்னின்று எழுதியது. நோய் பரவி, ஏற்கெனவே மருந்து எடுத்துத் தோற்ற 821 பேர். பாதிப் பேருக்குப் பிடி-1-ஐ அடைக்கும் நிவோலுமாப் ஊசி, பாதிப் பேருக்கு எவரோலிமஸ் மாத்திரை. இடைநிலை (மீடியன்) ஆயுள் முறையே 25 மாதம், 19.6 மாதம். இதைப் பிடி-எல்1 வைத்துப் பிரித்துப் பார்த்ததில்தான் விஷயம் இருக்கிறது. புரதம் இருந்தவர்களுக்கு ஊசியில் 21.8 மாதம், மாத்திரையில் 18.8. இல்லாதவர்களுக்கு ஊசியில் 27.4, மாத்திரையில் 21.2.

இந்த நான்கு எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பழுப்பேறிய கட்டிக்காரர்கள் எந்த மருந்து எடுத்தாலும் மற்றவர்களை விடக் குறைவாகவே வாழ்ந்திருக்கிறார்கள். மேயோ சொன்னது இங்கேயும் மெய். ஆனால் ஊசி இரு தரப்பாருக்கும் உதவியிருக்கிறது. சொல்லப்போனால், பழுப்பு இல்லாதவர்களுக்குக் கிடைத்த கூடுதல் மாதங்கள்தான் அதிகம். நோய் எப்படிப் போகும் என்று சொல்வது ஒரு வேலை. எந்த மருந்து பலிக்கும் என்று சொல்வது வேறு வேலை. முதல் வேலையில் கெட்டிக்காரனான பிடி-எல்1, இரண்டாவதில் நம்பத்தகாதவன். நுரையீரல் புற்றுநோயில் இதே பரிசோதனை மருந்தைத் தீர்மானிக்கிறது என்பதால், சிறுநீரக நோயாளிக்கும் பழக்கதோஷத்தில் எழுதிக்கொடுப்பது நடக்கிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான்.

ஷேடு மாறும் காரணம்

ஏன் பலிக்கவில்லை? டையிங் மாஸ்டருக்கு உடனே புரியும் காரணம் ஒன்று. ஒரே ஷேடு கார்டை இரண்டு கம்பெனிச் சாயத்தில் போட்டால் இரண்டு விதமாக வரும். பிடி-எல்1-ஐத் தேட 28-8, 22சி3, எஸ்பி142, எஸ்பி263 என்று நான்கு ஆன்டிபாடிகள் புழக்கத்தில் உள்ளன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருந்துக் கம்பெனியின் ஆய்வோடு வளர்ந்தது. எஸ்பி142 மற்றவற்றை விடக் குறைவான செல்களையே நிறமேற்றும். எத்தனை சதவீதம் பழுப்பானால் 'உண்டு' என்று சொல்வது என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறியது. போதாக்குறைக்கு, சிறுநீரகக் கட்டி ஒரே லாட் துணியல்ல. ஒரு மூலை பழுப்பாகவும் மறு மூலை வெறுமையாகவும் இருக்கும். நுரையீரலுக்குப் பரவிய துண்டு இரண்டிலும் சேராது.

தயாரிப்பும் முக்கியம். எடுத்த சிறுநீரகத்தைப் பிளந்து, அதன் அளவுக்குப் பத்து மடங்கு ஃபார்மலினில் உடனே போட வேண்டும். முழு உறுப்பையும் சின்ன டப்பாவில் திணித்து, ஃபார்மலினைத் தொட்டுக்கொள்ள ஊற்றினால் நடுப்பகுதி கெட்டுவிடும். பிறகு எந்த ஆன்டிபாடி ஊற்றியும் பயனில்லை.

ஒரு சின்ன விலகல். இந்தப் பேத்தாலஜி மேஜையே ஒரு வகையில் சாயப்பட்டறையின் பிள்ளைதான். உட்கருவை நீலமாக்கும் ஹிமடாக்சிலின், மத்திய அமெரிக்காவின் லாக்வுட் மரத்திலிருந்து எடுத்து ஐரோப்பிய சாயக்காரர்கள் கறுப்புத் துணிக்குப் போட்டது. இளஞ்சிவப்புத் தரும் இயோசின் 1870-களின் ஜெர்மனிச் சாயத் தொழிலில் பிறந்தது. நாம் பேசிவரும் பழுப்பைக் கொடுக்கும் டயமினோபென்சிடின், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தந்த அந்தப் பென்சிடினின் நெருங்கிய உறவு. துணிச்சாயங்களைச் செல்கள்மீது ஊற்றிப் பெயர் பெற்ற பால் எர்லிக்தான், உடலின் எதிர்ப்பு சக்தி புற்றுநோயை அடக்கிவைக்கிறது என்று 1909-லேயே சொன்னவர்.

ஆறு கேள்விகள்

பழுப்பை நம்ப முடியாது என்றால் மருத்துவர்கள் எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? கனடாவின் டேனியல் ஹெங் 2009-ல் வகுத்த ஆறு கேள்விகளை வைத்து. நோயாளி தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாரா? நோய் தெரிந்து ஒரு வருடத்துக்குள்ளேயே மருந்து தேவைப்பட்டதா? ஹீமோகுளோபின் குறைவா? கால்சியம் அதிகமா? நியூட்ரோஃபில் அதிகமா? பிளேட்லெட் அதிகமா? கெட்ட பதில் ஒன்றுமில்லை என்றால் நல்ல பிரிவு. ஒன்றிரண்டு என்றால் நடுத்தரம். மூன்றும் அதற்கு மேலும் மோசம். அந்தக் கால மாத்திரைகளிலேயே இரண்டு ஆண்டு கடந்தவர்கள் முறையே நூற்றுக்கு 75, 53, 7. எந்த ஆன்டிபாடியும் இவ்வளவு தெளிவாகப் பிரித்ததில்லை. கடைசி நான்கும் பல்லடத்திலோ அவிநாசியிலோ தெருமுனை லேபில் சில நூறு ரூபாய்க்குப் பார்க்கக்கூடிய ரத்தப் பரிசோதனைகள். நோய் பரவியவர்களுக்கு எந்த மருந்து ஜோடி என்பதும் பெரும்பாலும் இந்தப் பிரிவை ஒட்டியே தீர்மானமாகிறது. நிவோலுமாபோடு, சிடிஎல்ஏ-4-ஐ அடைக்கும் இபிலிமுமாபைச் சேர்த்துக் கொடுத்து 2018-ல் வென்ற ஆய்வு, நடுத்தர, மோசமான பிரிவினரை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது.

அறுவை சிகிச்சை முடிந்து, உடலில் கட்டி எதுவும் தெரியாதவர்களுக்கு, திரும்பி வராமல் தடுக்க ஊசி போடலாமா என்பது அடுத்த கேள்வி. முதலில் நான்கு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. அவற்றில் மூன்று தோற்றன, பிடி-1-ஐ அடைக்கும் இன்னொரு ஊசியான பெம்புரோலிசுமாப் மட்டும் வென்றது. 994 பேரில், நான்கு ஆண்டு முடிவில் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 91.2 பேரும் போடாதவர்களில் 86 பேரும் உயிரோடிருந்தார்கள் என்று 2024-ல் அறிவித்தார்கள். நூற்றுக்கு ஐந்து பேர். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டுக்கு 17 டோஸ். வேட்டைக்காரனின் கட்டை அவிழ்ப்பதால் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல் என்று சொந்த உறுப்புகள் தாக்கப்படும் ஆபத்தும் சேர்ந்தே வரும். அந்த ஐந்து பேரில் தான் ஒருவரா என்று நோயாளிக்கு யாராலும் சொல்ல முடியாது. அங்கேதான் நல்ல அடையாளப் புரதம் ஒன்று நிஜமாகத் தேவை. சிறுநீரகம் காயப்பட்டால் ரத்தத்தில் கசியும் கிம்-1 என்ற புரதத்தின்மீது இப்போது ஆராய்ச்சியாளர்களின் கண் இருக்கிறது.

எனவே பிடி-எல்1 பரிசோதனைக்கு யாராவது சீட்டு எழுதினால், 'ரிசல்ட் எப்படி வந்தாலும் நீங்க கொடுக்கப்போற மருந்து மாறுமா, டாக்டர்?' என்று கேட்டுவிடுங்கள். மாறாது என்றால் அந்தப் பணம் கையிலேயே இருக்கட்டும். அதற்குப் பதில், மெழுகு பிளாக்கையும் தகடுகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கோவைக்கோ அடையாறுக்கோ இரண்டாம் கருத்துக்குப் போகும்போது அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

பணம் என்றதும் மீதிக் கதை. இந்த ஊசிகளில் பல, ஒரு டோசே லட்சத்தைத் தொடும். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். 17 டோசுக்கு அது எந்த மூலைக்கு? மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழு 2022-ல் ஒரு துணிச்சலான வழியைக் காட்டியது. தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பாதிக்கு, விலை குறைந்த மாத்திரைகளோடு வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். தலை, கழுத்தில் கிடைத்த முடிவை அப்படியே சிறுநீரகத்துக்குப் பொருத்த முடியாது. ஆனால் அளவைக் குறைத்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு மருந்துக் கம்பெனிகள் பணம் போடாது; நம் அரசும் நம் மருத்துவமனைகளும்தான் போட வேண்டும்.

திருப்பூர்த் தொழிலாளிக்கு இதை விட உடனடியாக உதவுவது இ.எஸ்.ஐ. அட்டை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இதில் சேர வேண்டும். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25. சாதாரண நோய்க்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அதற்குப் பிறகும் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீட்டிக்க வழி உண்டு என்பது அநேகருக்குத் தெரியாது. நிபந்தனை, அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலை, 156 நாள் பங்களிப்பு. பீஸ் ரேட்டில் சனிக்கிழமை தோறும் கணக்கு முடித்து, தீபாவளிக்கு ஒரு கம்பெனி, பொங்கலுக்கு ஒரு கம்பெனி என்று மாறும் டெய்லருக்கு, ஒவ்வொரு இடத்திலும் புது இ.எஸ்.ஐ. நம்பர் போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு ஆண்டுத் தொடர்ச்சி காகிதத்தில் அறுந்துபோவது அங்கேதான். பழைய நம்பரைச் சொல்லி அதிலேயே தொடரச் சொல்வதற்கு ஆகும் நேரம், வேலைக்குச் சேரும் நாளில் ஐந்து நிமிடம்.